ஈச்சமோட்டைப் பழைய மாணவர் சங்கம் இயங்கிய விதம்

ஈச்சமோட்டை ஆட்களைப் பற்றி அயலூரில் பலதும் சொல்லுவார்கள். நான் அவற்றை நம்புகிறவன் இல்லை. அங்கே இருப்பவர்கள் நல்ல மனிதர்கள். ஒன்றைச் செய்யச் சொன்னால், சொன்னதை அப்படியே செய்வார்கள். அவர்களிடம் உள்ள குறை அவ்வளவுதான்.

ஊர்ப் பள்ளிக்கூடம் சின்னது. முதலாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும் மொத்தம் நாற்பத்தேழு பிள்ளைகள். யோகசோதி ரீச்சர் அதிபராக வந்து மூன்றாம் மாதம், ஒரு தை மாதத்தில், கல்விக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. ஐம்பது பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிக்கூடங்களை மூடப்போகிறார்களாம். பழைய மாணவர் சங்கம் நடக்கிற பள்ளிக்கூடங்களை மட்டும் விட்டுவைப்பார்களாம். சித்திரை விடுமுறை முடிந்ததும் அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்ப்பாராம்.

மூடிவிட்டால் அந்தச் சின்னப் பிள்ளைகள் மூன்று கட்டை தூரம் நடந்து, லொறி ஓடுகிற பெருந்தெருவைக் கடந்து, அடுத்த ஊருக்குப் போகவேண்டும். ரீச்சர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு ஊரில் நாலு பேரைக் கூப்பிட்டார்.

ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர் வல்லிபுரநாதர். நாலு பேரில் வயதிலும் மூத்தவர், உயரத்திலும் மூத்தவர். மற்றவர்கள் சைக்கிள் திருத்துகிற இராசகோன், சட்டை தைக்கிற திலகமலர், வெங்காயத் தோட்டக்கார அம்பலவி.

"நீங்கள் நாலு பேரும் இஞ்சை படிச்ச ஆக்கள்," என்றார் ரீச்சர். "ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மண்டபத்திலை கூட்டம் ஒண்டு கூட்டுங்கோ. வடிவாக் கூட்டுங்கோ. மிச்சத்தை நான் வந்து சொல்லுறன்."

ஞாயிற்றுக்கிழமை ரீச்சர் வந்தபோது மண்டப வாசலில் நிற்க முடியவில்லை, அவ்வளவு தூசி. வல்லிபுரநாதர் கையில் தும்புத்தடி. மற்ற மூன்று பேர் கையிலும் ஈர்க்குமாறு.

"என்ன செய்யிறியள்?"

"கூட்டுறம் ரீச்சர்."

"கூட்டம் எங்கை?"

வல்லிபுரநாதர் மூலையில் குவிந்திருந்த குப்பையைக் காட்டினார். "அந்தா, கூட்டி வைச்சிருக்கிறம். அள்ளுறதோ, இருக்கட்டுமோ?"

ரீச்சர் பொறுமைசாலி. குப்பையை அள்ளச் சொன்னார். பிறகு நாலு பேரையும் கதிரையில் இருத்தி, முதல் வேலை தலைவரைத் தெரிவு செய்வது என்றார். வல்லிபுரநாதரையே போடலாம் என்று எல்லாருக்கும் சம்மதம்.

"ஒராள் முன்மொழியவேணும், இன்னொராள் வழிமொழியவேணும். அதை முடியுங்கோ. நான் உள்ளுக்கை போய்ப் பழைய பெயர் இடாப்புகளை எடுத்துக்கொண்டு வாறன்," என்று சொல்லிவிட்டு ரீச்சர் போனார்.

"முன்மொழியிறது விளங்குது," என்றார் திலகமலர். "முன்னுக்கு நிண்டு மொழியிறது. வழிமொழியிறதெண்டால் என்ன?"

"வழியிலை நிண்டு மொழியிறது," என்றார் இராசகோன்.

"எந்த வழியிலை?"

"இந்தப் பள்ளிக்கூடத்துக்கு முன்னாலை போறது ஒரு வழிதானே."

இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. திலகமலர் முன்னுக்கு நின்று முன்மொழிந்தார். இராசகோன் ஒழுங்கைக்குப் போய், நடு வழியில் நின்று, கையை வாயில் குவித்து, "வல்லிபுரநாதர் அண்ணையை வழிமொழியிறன்" என்று மூன்று முறை சத்தமாகச் சொன்னார். அந்த நேரம் மீன்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் போனார். இயந்திரச் சத்தத்தில் அவருக்கு 'வழியனுப்புறன்' என்று கேட்டது. பாவம் மனிதன், திடுக்கிட்டுப் போனார். வழியெல்லாம் மீனோடு சேர்த்து அந்தச் செய்தியையும் கொடுத்துக்கொண்டு போனார்.

வல்லிபுரநாதர் தலைவராகி, ஒரு மணித்தியாலம் கழித்து வீட்டுக்குப் போனபோது முற்றத்தில் நாற்பது ஐம்பது பேர். கதிரைகள் போடப்பட்டிருந்தன. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்கள். தன் வீட்டில் யாருக்கு என்ன நடந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. இப்படியான இடத்தில் கேட்பதும் மரியாதை இல்லை. ஆகையால் கடைசிக் கதிரையில் போய் இருந்துவிட்டார்.

பக்கத்தில் இருந்தவர் நிலத்தைப் பார்த்தபடி, "தங்கமான தபால்காரன். ஒரு கடிதம் பிந்திக் குடுத்ததில்லை," என்றார்.

இந்த ஊரில் தன்னைவிட இன்னொரு நல்ல தபால்காரர் இருந்திருக்கிறார், அது தனக்குத் தெரியாமலே போய்விட்டதே என்று வல்லிபுரநாதர் சால்வையால் கண்ணைத் துடைத்தார். அவருடைய மனைவி சந்தையால் வந்து, "வீட்டுக்காரன் ஏன் கடைசியிலை குந்திக்கொண்டு இருக்கிறியள்? வந்த சனத்துக்குத் தேத்தண்ணி குடுக்கேல்லையோ?" என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளித்தது. சிலபேர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். சிலபேர் கொஞ்சம் ஏமாற்றத்தோடு போனார்கள்.

அடுத்த கூட்டத்தில் ரீச்சர் உறுப்பினர் படிவம் கொடுத்தார். "பள்ளிக்கூடத்தை விட்டு விலகின ஆள்தான் பழைய மாணவர். அதுக்கு அத்தாட்சியா விடுகைப் பத்திரம் கொண்டு வாங்கோ," என்று சொல்லிவிட்டு வகுப்பு எடுக்கப் போனார்.

வல்லிபுரநாதர் கொண்டுவந்தார். கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருந்ததை ஆணியோடு கழற்றிக் கொண்டுவந்தார். மற்ற மூன்று பேரும் வெறுங்கையோடு வந்தார்கள். தலைவர் என்ற முறையில் வல்லிபுரநாதர் விசாரணை செய்தார்.

"அம்பலவி, நீ எப்ப பள்ளிக்கூடத்தை விட்டனி?"

அம்பலவி யோசித்தார். "அஞ்சாம் வகுப்பிலை ஒருநாள், தண்ணி குடிச்சிட்டு வாறன் எண்டு வாத்தியாரைக் கேட்டுப் போனனான் அண்ணை."

"தண்ணி குடிச்சனியோ?"

"குடிச்சனான்."

"குடிச்சிட்டுத் திரும்பி வந்தனியோ?"

"இல்லை. கிணத்தடியிலை அப்பர் கண்டு தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போட்டார். பிறகு வெங்காயம்."

"அப்ப நீ விலகேல்லை," என்றார் வல்லிபுரநாதர். "தண்ணி குடிக்கப் போயிருக்கிறாய். நாப்பத்துமூண்டு வருசம் கொஞ்சம் கூடத்தான். எண்டாலும் விலகேல்லை."

அம்பலவியின் முகம் கறுத்துவிட்டது. இத்தனை வருடமாகத் தோட்டம் செய்து, கலியாணம் கட்டி, மூன்று பிள்ளைகளை வளர்த்து, எல்லாவற்றையும் வகுப்பு நேரத்தில் செய்துவிட்டேனே என்று அவர் உண்மையாகவே வருந்தினார்.

அதைக் கண்டு திலகமலரும் உண்மையைச் சொன்னார். ஐந்தாம் வகுப்பில் ஒருத்தியின் பின்னலை அவள் இருந்த வாங்கோடு கட்டிவிட்டதற்கு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் உள்ளே வரலாம் என்று வாத்தியார் அனுப்பினார். அன்றைக்கு அம்மாவுக்கு நேரம் இருக்கவில்லை. அதன்பிறகும் இருக்கவில்லை.

இராசகோனின் நிலைமை இன்னும் மோசம். அவரை வாத்தியார் வாங்குக்கு மேலே ஏறி நிற்கச் சொன்னார். இறங்கச் சொல்ல மறந்து வாத்தியார் போய்விட்டார். இராசகோன் தன்பாட்டில் இறங்கி வீட்டுக்குப் போய், பயத்தில் வராமலே விட்டுவிட்டார்.

ரீச்சர் வந்து பழைய இடாப்பைப் புரட்டினார். அவர்கள் சொன்னது சரி. மூன்று பேருடைய பெயரும் வெட்டப்படாமல் அப்படியே இருந்தது. ரீச்சருக்குக் காலையிலிருந்து தலையிடி. "அப்பிடியெண்டால் மூண்டு பேரும் நாளைக்கு வந்து வகுப்பிலை இருங்கோ," என்றார். அந்த ஒரு வசனத்தைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று அவர் பிற்காலத்தில் என்னிடமே சொல்லியிருக்கிறார்.

அடுத்த நாள் மணி அடிக்க முதல் மூன்று பேரும் வந்துவிட்டார்கள். அம்பலவிக்கும் இராசகோனுக்கும் திலகமலர் நீலக் காற்சட்டை தைத்துக் கொடுத்திருந்தார். தண்ணீருக்காக இனி வெளியே போகக்கூடாதென்று அம்பலவி கழுத்தில் பெரிய போத்தல் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். திலகமலர் தன் தாயாரைக் கூட்டி வந்தார். தாயாருக்கு எழுபத்தெட்டு வயது. ரீச்சரின் அறை வாசலில் நின்று, "இப்ப என்ன செய்தவள்?" என்று கேட்டார்.

இராசகோன் நேரே போய் வாங்கில் ஏறி நின்றார்.

"இறங்குங்கோ இராசகோன்," என்றார் ரீச்சர்.

"நீங்கள் ஏத்தேல்லை ரீச்சர். ஏத்தின வாத்தியார் செத்துப்போனார்."

வகுப்பு முழுவதும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. நல்லகாலம் வல்லிபுரநாதர் ஜன்னலுக்கு வெளியே நின்றார். தபால் கந்தோரில் ஒருவர் போனால் அவருடைய இடத்துக்கு வந்தவர் கையெழுத்து வைத்தால் செல்லும், அதுபோல இதுவும் செல்லும் என்று அவர் விளக்கினார். அதைக் கேட்ட பிறகே இராசகோன் இறங்கினார்.

ஒரு நாளில் அலுத்துப்போய்விடுவார்கள் என்று ரீச்சர் நினைத்தார். ஈச்சமோட்டை ஆட்களுக்கு அலுப்பு வராது. வாய்ப்பாடு சொன்னார்கள், வரிசையில் நின்றார்கள், வெள்ளிக்கிழமை நகம் காட்டினார்கள். அம்பலவிதான் எல்லாரையும்விடக் கஷ்டப்பட்டுப் படித்தார். பங்குனியில் தவணைப் பரீட்சை வந்தது. ஐம்பது வசனங்கள், ஒவ்வொன்றுக்கும் சரி அல்லது பிழை என்று போடவேண்டும். 'பசு முட்டை இடும்' என்று ஒரு வசனம். தான் பார்க்காத நேரத்தில் இட்டிருக்கலாம் என்று அம்பலவி சரி போட்டார். 'வெங்காயம் மண்ணுக்குள் விளையும்' என்று இன்னொன்று. தன் தோட்டத்தில் உள்ளதை எல்லாம் போன கிழமைதான் கிளறி எடுத்தார், மண்ணுக்குள் ஒன்றும் இல்லை, ஆகையால் பிழை போட்டார். நூற்றுக்கு எட்டுப் புள்ளி வந்தது.

விடுமுறை முடிந்து அதிகாரி வந்தார். மெலிந்த மனிதர், கண்ணாடி போட்டவர். கையில் ஒரு நீளப் படிவம். வல்லிபுரநாதரைப் பார்த்து, "பழைய மாணவர் சங்கத்திலை எத்தினை பேர்?" என்று கேட்டார்.

"நான் ஒராள்தான் ஐயா. மற்ற ஆக்கள் படிச்சுக்கொண்டு இருக்கினம்."

ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தார்.

"ஒராள் இருந்தால் அது சங்கம் இல்லை," என்ற அதிகாரி பிள்ளைகளை எண்ணத் தொடங்கினார். ஐந்தாம் வகுப்பில் கடைசி வாங்குக்கு வந்ததும் நின்றார். அம்பலவி எழும்பி, "வணக்கம் ஐயா" என்றார். அதிகாரி இடாப்பைப் பார்த்தார், அம்பலவியைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் இடாப்பைப் பார்த்தார். விடுகைப் பத்திரம் கொடுக்காத மாணவரின் பெயரை வெட்டக்கூடாது என்பது கந்தோர் விதி. அந்த விதியை எழுதியவர்களுக்கு ஈச்சமோட்டை தெரியாது.

"ஐம்பது," என்று எழுதினார். "ஐம்பது இருந்தால் மூட ஏலாது. ஆனால் ஒண்டு குறைஞ்சாலும் மூடவேணும். தை மாதம் திரும்பி வருவன்."

அன்று பின்னேரம் நாலு பேரும் மாமரத்தடியில் கூடினார்கள். ஐந்தாம் வகுப்பிலிருந்து போகிற பிள்ளைகள் ஏழு, புதிதாக முதலாம் வகுப்புக்கு வரப்போவதும் ஏழு. அந்தக் கணக்கில் பிழை இல்லை. சிக்கல் தங்களிடம்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள்.

"வருசக் கடைசிப் பரீட்சையிலை பாஸ் பண்ணினால் எங்களை வெளியிலை அனுப்பிப்போடுவினம்," என்றார் திலகமலர். "ஒராள் போனாலும் நாப்பத்தொன்பது."

"அப்ப மூண்டு பேரும் பெயில் விடவேணும்," என்றார் வல்லிபுரநாதர். "இது ஊருக்காகச் செய்யிற வேலை. விளையாட்டா எடுக்கக் கூடாது."

"எட்டுப் புள்ளி எடுத்தனான்," என்றார் அம்பலவி. "அதைவிடக் குறைக்கிறது கஷ்டம். எண்டாலும் பாக்கிறன்."

அவர் சும்மா இருக்கவில்லை. மார்கழி வரும்வரைக்கும் தோட்டத்தில் நீர் பாய்ச்சும்போதும் அதே யோசனைதான். கடைசியில் ஒரு வழி பிடித்தார். மனதுக்குச் சரியென்று படுவதற்கெல்லாம் பிழை போடுவது, பிழையென்று படுவதற்கெல்லாம் சரி போடுவது. அப்படிச் செய்தால் சைபர் நிச்சயம் என்று கணக்குப் பார்த்தார். பரீட்சை மண்டபத்தில் வியர்க்க வியர்க்க எழுதினார். ஒரு வசனத்தையும் தவறவிடவில்லை.

திலகமலரும் இராசகோனும் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்து நல்லபடியாகப் பெயிலானார்கள். அம்பலவிக்குத் தொண்ணூற்றிரண்டு புள்ளி. வகுப்பில் முதலாம் பிள்ளை.

அம்பலவி புள்ளி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மாமரத்தடியில் இருந்து அழுதார். தன்னால் ஒரு பள்ளிக்கூடம் மூடப்போகிறது, நாற்பத்தேழு பிள்ளைகள் லொறித் தெருவைக் கடக்கப்போகிறார்கள் என்று நினைக்க அவருக்குத் தாங்கவில்லை.

"அழாதை," என்றார் திலகமலர். "நீ முயற்சி செய்தனிதானே. எல்லாராலையும் ஏலாது."

"ரீச்சர் பிழையாத் திருத்தியிருப்பா," என்றார் இராசகோன். "திருப்பித் திருத்தச் சொல்லிக் கேப்பம்."

நாலு பேரும் விண்ணப்பம் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ரீச்சர் தாளை எடுத்து ஆறுதலாகத் திரும்பத் திருத்தினார். ஒரு சரியான விடைக்குப் புள்ளி போட மறந்திருந்தார். தொண்ணூற்றுநாலு ஆனது.

இராசகோன் இரண்டாம் விண்ணப்பம் எழுதப் பேனை எடுத்தார். வல்லிபுரநாதர் கையைப் பிடித்துத் தடுத்தார். "இதோடை விடுவம். இன்னும் ரெண்டு தரம் திருத்தினால் இவனை வாத்தியாராக்கிப்போடுவினம்."

ரீச்சர் அம்பலவியைப் பக்கத்தில் இருத்தி, விடுகைப் பத்திரத்தை எழுதிக் கையில் கொடுத்தார். "ஏன் அழுறியள்? இப்ப நீங்கள் பழைய மாணவர். வல்லிபுரநாதர் அண்ணையும் நீங்களும் சேந்தால் ரெண்டு பேர். ரெண்டு பேர் இருந்தால் சங்கம் எண்டு கந்தோர்ச் சட்டத்திலை இருக்கு, நான் வாசிச்சுப் பாத்திட்டன். பள்ளிக்கூடத்தை மூட ஏலாது."

அம்பலவி மூக்கை உறிஞ்சினார். "மெய்யோ ரீச்சர்?"

"மெய்தான். ஒண்டே ஒண்டு. அதிகாரி வாற நேரம் சங்கம் இயங்கிக்கொண்டு இருக்கவேணும். அவ்வளவுதான்."

ரீச்சர் அன்று மிகவும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார். சங்கத்தின் இரண்டு உறுப்பினர்களும் மாமரத்தடிக்குப் போனார்கள்.

"இயங்கிறதெண்டால் என்ன அண்ணை?"

"உன்ர தண்ணி இறைக்கிற மிசின் எப்ப இயங்குது எண்டு சொல்லுவாய்?"

"ஓடேக்கை."

"நிண்டால்?"

"நிண்டால் இயங்கேல்லை."

"அப்ப கதிரையிலை இருந்து கூட்டம் நடத்தினால்?"

அம்பலவி கவனமாக யோசித்துப் பதில் சொன்னார். "அது நிண்ட சங்கம்."

அதிகாரி வருவதாகச் சொன்ன தை மாதம் பதினோராம் திகதி, காலை எட்டு மணிக்கே பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு சில்லில் ஓடுகிற உழவு மிசின் ஒன்று வட்டமாகச் சுற்றத் தொடங்கியது. அம்பலவி முன் ஆசனத்தில் இருந்து கைபிடியைப் பிடித்து ஓட்டினார். பின்னால் கொளுவியிருந்த பெட்டியில் ஒரு மேசை, இரண்டு கதிரை, பழைய மாணவர் சங்கம் என்று எழுதிய துணி, நடுவில் வெள்ளை வேட்டியோடு தலைவர். இராசகோனும் திலகமலரும் மாணவர்கள் என்றபடியால் வகுப்பில் இருந்து பார்த்தார்கள். ரீச்சர் வந்து எவ்வளவு கையைக் காட்டியும் மிசின் நிற்கவில்லை. சங்கம் நன்றாக இயங்குகிறது என்று பாராட்டுகிறார் என நினைத்து, வல்லிபுரநாதர் ஒவ்வொரு சுற்றிலும் திருப்பிக் கையைக் காட்டினார்.

பத்து மணிக்கு அதிகாரி வந்தார்.

"நிப்பாட்டுங்கோ," என்றார். "கையெழுத்து வாங்கவேணும்."

"நிப்பாட்டினால் சங்கம் இயங்கேல்லை எண்டு எழுதிப்போடுவியள் ஐயா," என்று சொல்லிக்கொண்டே தலைவர் அவரைக் கடந்து போனார்.

அடுத்த சுற்றில் அதிகாரி பக்கத்தில் ஓடிப் பார்த்தார். அதற்கடுத்த சுற்றில் படிவம் பறந்தது, பிள்ளைகள் பிடித்துக் கொடுத்தார்கள். மூன்றாவது சுற்றில் வல்லிபுரநாதர் கையைப் பிடித்துத் தூக்க, அதிகாரி பெட்டிக்குள் ஏறிவிட்டார். அவருக்கு இரண்டாவது கதிரை கொடுத்தார்கள். மேசை ஆடிய ஆட்டத்தில் தலைவரின் கையெழுத்து படிவத்தில் தொடங்கி மேசையில் முடிந்தது. அதிகாரி மூச்சு வாங்கிக்கொண்டு, 'சங்கம் இயங்குகிறது' என்று எழுதி முத்திரை குத்தினார். அது அவருடைய முழங்காலில் விழுந்தது. இரண்டாம் முறை படிவத்தில் விழுந்தது. பள்ளிக்கூடம் தப்பியது.

"சரி, இனி என்னை இறக்கி விடுங்கோ," என்றார் அதிகாரி.

"கூட்டம் இன்னும் முடியேல்லை ஐயா," என்றார் வல்லிபுரநாதர் மரியாதையாக. "நன்றியுரை ஒண்டு இருக்கு. அதோடை சரி."

"ஆர் சொல்லுறது?"

"தலைவர் நான் சொல்லக் கூடாது. மற்ற உறுப்பினர்தான் சொல்லவேணும்."

மற்ற உறுப்பினர் தன் முறை வந்ததென்று கைபிடியை விட்டார். ஆசனத்தில் ஏறி, பின்பக்கம் திரும்பி நின்று, காற்சட்டையை இழுத்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பி, "அவையோர் அனைவருக்கும் முதற்கண் வணக்கம்" என்று தொடங்கினார்.

உழவு மிசின் மைதானத்தை விட்டு நேரே வாசலுக்குப் போனது. வாசலைத் தாண்டி ஒழுங்கையில் ஏறியது. நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலபேர் இருந்ததால், சங்கம் அன்றைக்கு அடுத்த ஊர் வரைக்கும் இயங்கியது.